தேங்காய் எண்ணெயில் எள் எங்கே?

எண்ணெய் என்ற சொல்லைப் பிரித்தால் எள் + நெய். பள்ளியில் புணர்ச்சி படித்த எவருக்கும் இது தெரியும். அப்படியானால் தேங்காய் எண்ணெய் என்பது என்ன? தேங்காயிலிருந்து எடுத்த எள்ளின் நெய்யா? கடலை எண்ணெய், வேப்பெண்ணெய், மீன் எண்ணெய் எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். மண்ணெண்ணெய்க்கு வந்தால் சிக்கல் முற்றிவிடுகிறது: மண்ணுக்குள்ளிருந்து வந்த எள்ளின் நெய்! ஆனாலும் கடையில் நின்று அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் கேட்கும்போது நம்மில் யாருக்கும் எள் நினைவுக்கு வருவதில்லை. சொல்லுக்குள் எள் இருக்கிறது, பொருளுக்குள் இல்லை. அது எப்படி வெளியேறியது? முதலில் அது உள்ளே இருந்தது என்பதற்குத்தான் என்ன சான்று?

சொற்களின் பிறப்பையும் அவற்றின் பொருள் போன வழியையும் ஆராயும் துறைக்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். இது ஊகத்துக்கு மிகவும் இடம் கொடுக்கும் துறை. இரண்டு சொற்கள் ஒலியில் ஒத்திருந்தால் போதும், யாரும் ஒரு கதை கட்டிவிடலாம். ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்காது என்று தொல்காப்பியம் அன்றே எச்சரித்திருக்கிறது. காரணம் இல்லை என்று அது சொல்லவில்லை. எளிதில் தெரியாது என்றுதான் சொன்னது. தெரியாததைத் தெரிந்துகொள்ள என்னென்ன வழிகள் உண்டு என்பதை எண்ணெய் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். அவ்வளவு வளம் அதில் இருக்கிறது.

முதல் சான்று தமிழுக்குள்ளேயே கிடைக்கிறது. எள்ளும் நெய்யும் சேரும்போது ளகரமும் நகரமும் இரண்டும் ணகரமாகின்றன. இதை எண்ணெய்க்காக யாரும் புதிதாக ஏற்படுத்தவில்லை. வெள் + நிலவு வெண்ணிலவு ஆகிறது. தெள் + நீர் தெண்ணீர் ஆகிறது. வெள் + நெய் வெண்ணெய் ஆகிறது. நிலவுக்கும் நீருக்கும் எண்ணெயோடு எந்த உறவும் இல்லை. உறவில்லாத சொற்களிலும் அதே மாற்றம் நடக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு சொல்லை விளக்குவதற்காக மட்டும் ஒரு விதியைக் கொண்டுவந்தால் அதை நம்பக்கூடாது. எங்கும் செல்லுபடியாகும் விதி இந்தச் சொல்லையும் விளக்கினால் நம்பலாம்.

அடுத்த சான்று அண்டை வீட்டில் இருக்கிறது. மலையாளத்தில் எண்ண, கன்னடத்தில் எண்ணெ. இவை தமிழோடு ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஆகையால் ஒத்திருப்பதில் வியப்பில்லை. தெலுங்குதான் உண்மையில் வியக்க வைக்கிறது. தெலுங்கில் எண்ணெய்க்கு நூனெ என்று பெயர். ஒலியில் எண்ணெயோடு ஒட்டவில்லை. ஆனால் தெலுங்கில் எள்ளுக்குப் பெயர் நுவ்வு. நெய்க்குப் பெயர் நெய்யி. நுவ்வும் நெய்யும் சேர்ந்ததே நூனெ. செங்கல் வேறு, கட்டடம் ஒன்று. இன்று தெலுங்கு பேசுபவர்களும் தேங்காய் எண்ணெயைக் கொப்பரி நூனெ என்கிறார்கள். அவர்களும் எள்ளை மறந்துவிட்டார்கள்.

வடக்கே போனால், சமஸ்கிருதத்தில் எள்ளுக்குத் திலம். திலத்திலிருந்து வந்தது தைலம். எள்ளிலிருந்து வந்தது என்பதே அதன் நேர்ப்பொருள். ஆனால் கடுகுத் தைலம், ஆமணக்குத் தைலம் என்றெல்லாம் சொல்லத் தொடங்கி, கடைசியில் திலதைலம் என்றே ஒரு சொல் உருவானது. எள்ளின் எள்நெய்! இது வடமொழி இலக்கணக்காரர்களின் கண்ணுக்கும் தப்பவில்லை. பாணினிக்கு எழுந்த உரை மரபில், தைல என்பதை எண்ணெய்ப் பொருள் தரும் ஒரு விகுதியாகவே கொள்ளும் விதி இருக்கிறது. எள் போய்விட்டது என்பதை அவர்கள் இலக்கணமாகவே எழுதிவைத்தார்கள்.

இன்னும் மேற்கே, மத்தியதரைக் கடலோரத்தில் எள்ளின் இடத்தில் ஒலிவம் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ஆயில் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் ஓலியத்திலிருந்து வந்தது. ஓலியம் கிரேக்கத்தின் எலையோனிலிருந்து வந்தது. எலையோன் என்றால் ஒலிவ எண்ணெய். எலையா என்றால் ஒலிவ மரம். அரபியிலும் இதே கதை: ஸைத்தூன் ஒலிவம், ஸைத் எண்ணெய். அந்த அரபிச் சொல்லைத்தான் ஸ்பானியர்கள் ஆஸைத்தே என்று வாங்கிச் சமையலறையில் வைத்திருக்கிறார்கள். பெட்ரோலியம் என்பதைப் பிரித்தால் பாறை, ஒலிவ எண்ணெய் என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். நாம் மண்ணுக்குள் எள்ளைப் புதைத்தோம், அவர்கள் பாறைக்குள் ஒலிவத்தைப் புதைத்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததில்லை.

இப்படித் தொடர்பில்லாத மொழிகள் ஒரே வழியில் நடந்திருப்பதற்குக் காரணம், மனிதர்கள் சொல்லைக் கற்கும் விதம். ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் செக்கில் ஆட்டுவது எள் ஒன்றுதான். தாய் குழந்தையிடம், “எண்ணெய எடுத்துட்டு வா” என்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது எள்ளின் நெய். குழந்தை பார்ப்பதோ பிசுபிசுப்பாக, மஞ்சளாக, விளக்கில் எரிகிற, தலையில் தேய்க்கிற ஒரு பொருளை. சொல்லில் எள் இருப்பது அதற்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. இருவரும் ஒரே கிண்ணத்தைக் காட்டித்தான் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். இருவர் மனதிலும் உள்ள பொருள் வேறுவேறு என்பது பல ஆண்டுகள் வெளிப்படாமலே இருக்கும். பிறகு ஒரு நாள் ஊருக்குள் வேறொரு வித்திலிருந்து எடுத்த நெய் வருகிறது. வளர்ந்துவிட்ட அந்தக் குழந்தை தயங்காமல் அதையும் எண்ணெய் என்கிறது. மாற்றம் அன்றைக்குத்தான் காதில் விழுகிறது, ஆனால் நடந்தது முன்பே. இப்படி இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கும் சூழலை இணைப்புச் சூழல் என்று சொல்லலாம். பொருள் மாறிய பெரும்பாலான சொற்களின் வரலாற்றில் இப்படியொரு காலம் இருந்திருக்கும். பொருள் சட்டென்று தாவுவது அரிது.

ஒரு சொல் இப்படித் தன் எல்லையைக் கடந்து பரவுவதைப் பொருள் விரிவு என்கிறோம். இதற்கு நேர் எதிரானது பொருள் சுருக்கம். எண்ணெய் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி. ஏனென்றால் எண்ணெய் விரிந்துகொண்டிருந்தபோது அதன் உள்ளே இருந்த நெய் தனியாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

இன்று நெய் என்றால் வெண்ணெயை உருக்கி எடுத்தது மட்டுமே. பழைய தமிழில் அது கொழுப்பும் பிசுக்கும் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். வெண்மையான நெய் வெண்ணெய். எள்ளின் நெய் எண்ணெய். குருதிக்குக்கூட நெய்த்தோர் என்று ஒரு பெயர் சங்க நூல்களில் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பிரிந்த கண்ணகி கூந்தலுக்கு நெய் அணியாமல் இருந்தாள் என்று வருகிறது; அங்கே நெய் என்பது பசுநெய் அல்ல, தலைக்குப் பூசும் மணநெய். ஆக, ஒரு காலத்தில் நெய் பொது, எண்ணெய் சிறப்பு. இன்றோ எண்ணெய் பொது, நெய் சிறப்பு. இரண்டும் இடம் மாற்றிக்கொண்டுவிட்டன. புதிய பொதுப்பெயர் ஒன்று எழுந்தபின் பழைய பொதுப்பெயருக்கு வேலை குறைந்தது, கையில் மிஞ்சிய ஒரு பொருளோடு அது ஒதுங்கிக்கொண்டது.

பழைய நூலில் நெய் என்று வந்தால் எந்த நெய் என்று எப்படிச் சொல்வது? அகராதியைவிடக் கல்வெட்டு இதற்கு நன்றாக உதவும். சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு எரிப்பதற்கு ஆடுகளைக் கொடையாக விட்டார்கள். ஒரு விளக்குக்கு வழக்கமான கணக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடுகள் இறந்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையக்கூடாது, அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். இங்கே நெய் என்பது பாலிலிருந்து வந்தது என்பதற்கு உரையாசிரியர் வேண்டியதில்லை, ஆடே சாட்சி. செக்குக்கு விதித்த வரியோ செக்கிறை என்ற பெயரில் தனியாக வருகிறது. சொல்லைச் சுற்றியிருக்கும் பொருள்கள்தாம் சொல்லின் பொருளைக் காட்டிக்கொடுக்கின்றன. கல்வெட்டில் ஆட்சியாண்டும் பொறிக்கப்பட்டிருப்பதால் அந்தச் சாட்சிக்குக் காலமும் கிடைத்துவிடுகிறது.

எண்ணெய் பொதுப்பெயர் ஆனபின் பாவம், எள்ளின் நெய்க்கே பெயர் இல்லாமல் போயிற்று. அதற்கு நல்ல என்ற அடைமொழி சேர்த்து நல்லெண்ணெய் என்றார்கள். ப்ராய்லர் வந்தபின் பழைய கோழி நாட்டுக்கோழி ஆனதும், ஆலையில் சுத்திகரித்த எண்ணெய் வந்தபின் பழைய எண்ணெய் மரச்செக்கு எண்ணெய் ஆனதும் இதே வகை. மூத்தது அடைமொழி வாங்கிக்கொள்கிறது, இளையது வெறும் பெயரைப் பிடித்துக்கொள்கிறது. விளக்கெண்ணெய் இன்னொரு நல்ல தடயம். நமக்கு அது ஆமணக்கெண்ணெய். மலையாளத்தில் வெளிச்செண்ண என்றால் தேங்காய் எண்ணெய். பெயரின் கருத்து ஒன்றுதான், எந்த ஊர் விளக்கில் எது எரிந்தது என்பது மட்டும் வேறு.

சொல் காட்டும் இந்த வழியை மண்ணும் உறுதிசெய்கிறது. பயிரிடும் எள்ளின் மூதாதை இந்தியாவின் காட்டு எள் என்பது தாவரவியலாளர் பலரின் முடிவு. ஹரப்பா அகழாய்வில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. இந்தத் துணைக்கண்டத்தின் பெரிய மொழிகள் பல எண்ணெய்க்கு எள்ளின் பெயரைச் சூட்டியிருப்பதையும், இங்கே எள் மிகப் பழங்காலத்திலேயே செக்கேறியது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இனி ஆபத்தான பகுதிக்கு வருகிறேன். மெசபொத்தேமியாவின் அக்காடிய மொழியில் நல்ல எண்ணெயை எல்லு என்று சொல்வதுண்டு. எள் அங்கே இந்தியாவிலிருந்து போயிருக்கவேண்டும், சிந்துவெளிக்கும் மெசபொத்தேமியாவுக்கும் வணிகம் இருந்தது. எல்லு, எள்ளு. ஒலியும் பொருந்துகிறது, வரலாறும் பொருந்துகிறது. திராவிட மொழியின் சொல்தான் கப்பலேறிப் போனது என்று அறிஞர்கள் சிலர் எழுதியுமிருக்கிறார்கள். அது உண்மையாக இருக்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அக்காடியத்தில் எல்லு என்பதற்குத் தூய என்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது. தூய எண்ணெயைத் தூயது என்று சுருக்கிச் சொல்லியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வீட்டுக்குள்ளேயே விளக்கம் கிடைக்கும்போது கடல் கடந்து போகக் கூடுதல் சான்று வேண்டும். அந்தச் சான்று இல்லை. அங்கே எள்ளுக்கு வழங்கிய சொந்தப் பெயரும் வேறு திசையில் போகிறது: அது செடியின் எண்ணெய் என்ற தொடரிலிருந்து பிறந்தது. நம்மிடம் வித்து எண்ணெய்க்குப் பெயர் கொடுத்தது, அவர்களிடம் எண்ணெய் வித்துக்குப் பெயர் கொடுத்தது. அந்தப் பெயர்தான் கிரேக்கம் வழியாக ஆங்கிலத்தின் செசமி ஆனது.

ஆயிலும் எள்ளும்கூட ஒன்றுதானே என்று சிலர் கேட்பதுண்டு. இங்கே சான்று தெளிவாகவே எதிராக இருக்கிறது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக்காட்டிய லீனியர் பி களிமண் பலகைகள் மூவாயிரம் ஆண்டுக்கும் முந்தியவை. அவற்றில் எண்ணெய் என்ற கிரேக்கச் சொல் நடுவில் ஒரு வகரத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. அந்த வகரம்தான் லத்தீனின் ஒலிவாவில் இன்றும் ஒலிக்கிறது. பின்னோக்கிப் போகப்போக அந்தச் சொல் எள்ளை விட்டு விலகுகிறது. உண்மையான உறவாக இருந்தால் பழைய வடிவங்கள் நெருங்கியிருக்கவேண்டும். வெறும் தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே வழங்கிய ம்பபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் டாக். ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல, அக்கம்பக்கத்து மொழிகளில் குடக, குட என்று வழங்கும் சொல்லின் தேய்ந்த வடிவம்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? ஒலி மாற்றத்தின் ஒழுங்கை. ஒரு கடையில் படி குறைபட்டதாக இருந்தால், அங்கே வாங்கிய எல்லார் வீட்டு அரிசியும் ஒரே விகிதத்தில் குறையும். யார் வாங்கினார்கள், பச்சரிசியா புழுங்கலா என்று படி பார்ப்பதில்லை. ஒலி மாற்றமும் அப்படியே, சொல்லின் பொருளைப் பார்க்காமல் அளக்கிறது. தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூ. முதலெழுத்து பகரம் வரிசையாக ஹகரமாகிறது. பழைய கன்னடக் கல்வெட்டுகளிலோ பகரமே இருக்கிறது. ஆகவே மாறியது கன்னடம், அதுவும் எழுத்து வழக்கு வந்ததற்குப் பின்னால்.

தமிழும் தன் பங்குக்கு மாறியிருக்கிறது. கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. கன்னடத்தில் கேரி, நமக்குச் சேரி. இகர, எகர உயிர்களுக்கு முன் நின்ற ககரம் தமிழில் சகரமாயிற்று. பிறகு ஏன் கிளி சிளியாகவில்லை, கேள் சேளாகவில்லை? அந்த உயிருக்கு அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாமடி எழுத்து வந்தால் ககரம் தப்பிவிடுகிறது. கெடு, கிணறு, கீழ் எல்லாம் அப்படித் தப்பியவை. விலக்குக்கும் ஒரு விதி கிடைக்கும் இந்த இடத்தில்தான் சொற்பிறப்பியல் ஊகத்திலிருந்து பிரிந்து அறிவியலாகிறது. அசோகரின் பாறைக் கட்டளை சோழ பாண்டியரோடு கேரளபுத்திரரைக் குறிப்பிடுகிறது. சேரர் என்ற நம் சொல்லின் ககர முகம் அங்கே கல்லில் நிற்கிறது. 1816இல் எல்லிஸ் தென்மொழிகளின் உறவைக் காட்டியது, 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதியது, 1961இல் பரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பு அகராதி வெளியிட்டது எல்லாம் இப்படிப்பட்ட வரிசைகளைத் திரட்டித்தான்.

பொருள் மாற்றத்துக்கு இந்த அளவு கண்டிப்பான விதி கிடையாது. பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரேயால் 1883இல் சொற்பொருள் ஆய்வுக்கு ஒரு தனிப்பெயர் கொடுத்த நாளிலிருந்து தேடியும் போக்குகள்தாம் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் போக்குகள் உறுதியானவை. நாற்றம் என்ற சொல் குறளில் மொட்டுக்குள் அடங்கிய மணத்தைக் குறிக்கிறது, இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. இதற்கு இழிபொருட்பேறு என்று பெயர். பழைய ஆங்கிலத்திலும் ஸ்டிங்கன் என்ற வினை நறுமணத்துக்கும் வழங்கியது, இன்று ஸ்டிங்க் என்றால் துர்நாற்றம் மட்டுமே. கெட்ட மணத்தைக் கெட்டது என்று சொல்லக் கூசி, எல்லா ஊரிலும் மனிதர்கள் பொதுச் சொல்லால் பூசிமெழுகுகிறார்கள். அடுத்த தலைமுறை அந்தப் பூச்சையே பொருளாகக் கற்றுக்கொள்கிறது. எண்ணெயில் குழந்தை செய்த அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது.

மண்ணெண்ணெய் வந்தபோது வேறொன்றும் நடந்தது. 1854இல் ஆபிரகாம் கெஸ்னர் மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கெரசின் என்று ஒரு பெயரை உண்டாக்கினார். அது தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு வந்ததும் கிருஷ்ணாயில் ஆனது. விளங்காத ஒலியைத் தெரிந்த பெயராக மாற்றிக்கொள்ளும் இந்த வழக்கத்தை நாட்டார் சொற்பிறப்பு என்பார்கள். இதைப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மக்கள் ஒரு சொல்லைத் தமக்கு உரியதாக்கிக்கொள்ளும் வழி அது. அந்தச் சொல்லின் கடைசித் துண்டில் மத்தியதரைக் கடலின் ஒலிவம் யாருக்கும் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறு பலர் அதையே சீமெண்ணெய் என்றார்கள், அதாவது சீமை எண்ணெய். அதில் எள் ஒட்டிக்கொண்டது.

எண்ணெயின் பயணம் இன்னும் நிற்கவில்லை. எண்ணெய் நிறுவனம், எண்ணெய்க் கப்பல், எண்ணெய்க் கிணறு என்று செய்தித்தாளில் படிக்கும்போது யாரும் சமையலறையை நினைப்பதில்லை. எண்ணெய் விலை உயர்ந்தது என்ற தலைப்பு மட்டும் இன்றைக்கும் இரண்டு பக்கமும் இழுக்கிறது. அடுத்த வரியைப் படித்தால்தான் தெளிவாகும்: லிட்டர் கணக்கில் சொன்னால் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, பீப்பாய் கணக்கில் சொன்னால் கச்சா எண்ணெய். அந்தப் பீப்பாய், கப்பலில் மது நிரப்பிக் கொண்டுவந்த போர்த்துகீசியர்களின் பீப்பா.